தரையில் வைக்காத குடம்

எங்க ஊர்ல மேடுன்னு சொன்னா ஏரிக்கரை ஒண்ணுதான். கொரட்டூர்ல பொறந்த பசங்க அதிகபட்சம் ஏறின உயரம் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படி. ஆனா என் பையன் நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே மலை ஏறினவன். முதல்ல அவங்க அப்பா தோள்ல உட்கார்ந்து ஏறினான். அப்புறம் என் இடுப்புல. அப்புறம் சொந்தக் காலால. இப்ப அவனுக்குப் பொண்ணு பாக்கிறோம். பொண்ணு வீட்டார் வந்து பையன் என்ன படிச்சான், எங்க வேலைன்னு கேக்கறாங்க. நான் அதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, "நல்லா மலை ஏறுவான்"னும் சேர்த்துச் சொல்லுவேன். அவனுக்குக் கோவம் வரும். வரட்டும்.

வருஷா வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க குடும்பம் முழுக்க குலசாமி மலைக்குப் போவோம். முழுக்கன்னா ரெண்டு வீடு. எங்க வீடு, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீடு. ஒரே தெருவுல எதிரும் எதிருமா இருக்கோம். எங்களுக்கு ரெண்டு பொண்ணு, ரொம்ப வருஷம் தள்ளி இந்தப் பையன். அவங்களுக்கு ஒரே பையன், என் பையனைவிட ஏழெட்டு வயசு பெரியவன். அண்ணன் சம்சாரத்தை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். சண்டை போடும்போதும் அக்காதான்.

திருத்தணி வரைக்கும் ரயில். அங்கிருந்து பஸ். அப்புறம் வேர்க்கடலைக் கொல்லை ஓரமா நடந்தா மலையடிவாரம் வரும். கோயில்னு பெரிசா கட்டடம் கிடையாது. மலை உச்சியில ஒரு பாறை, அதுக்கு அடியில நட்டு வச்ச கல்லு. அதுதான் எங்க அம்மன். எங்க முன்னோருங்க அந்தப் பக்கத்துல இருந்துதான் ஏரிக்குக் கீழ பயிர் வைக்க வந்தாங்கன்னு என் மாமனார் சொல்லுவார். பயிர் வச்ச இடத்துல இப்ப அடுக்குமாடி வீடுங்க நிக்குது. ஆனாலும் ஏரி இருக்கு, அம்மன் இருக்கு. அதனால வழக்கமும் இருக்கு.

வழக்கம் இதுதான். அன்னைக்கு விடிஞ்சதும் எங்க ஏரியில ஒரு செப்புக்குடம் தண்ணி மொள்ளணும். அதை மலை மேல எடுத்துக்கிட்டுப் போய் அம்மன் தலையில ஊத்தணும். "தாயே, எங்க ஏரித் தண்ணி இது. மழையக் குடுத்து இந்த வருஷமும் ரொப்பிக் குடும்மா"ன்னு கேக்கணும். மொண்டதுல இருந்து ஊத்துற வரைக்கும் குடம் தரையில படக் கூடாது. இடுப்புல இருக்கலாம், தலையில இருக்கலாம், மடியில இருக்கலாம். தரையில மட்டும் கூடாது. பட்டுட்டா அந்தத் தண்ணி வெறும் தண்ணி. திரும்பி வந்து மறுபடியும் ஏரியில மொள்ளணும்.

இன்னொண்ணும் இருக்கு. யார் கை அம்மனுக்குத் தண்ணி ஊத்துதோ, அந்த வீட்டுலதான் வருஷம் முழுக்க அந்தக் குடம் இருக்கும். மலையில பொங்கல் வச்சு இறக்கினா முதல் இலையும் அவங்களுக்குத்தான். அண்ணனுக்கு இளைப்பு உண்டு, மலை ஏற முடியாது. அதனால மாமனாருக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரர்தான் ஊத்திக்கிட்டு வந்தார். குடம் என் சமையலறை அலமாரியில, மேல் தட்டுல நடுவுல இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணுல படுற மாதிரி வச்சிருந்தேன்.

தண்ணி மொள்ளறதே ஒரு திருவிழா. ஏரி ஓரத்துல ஆகாயத்தாமரையும் குப்பையும் ஒதுங்கிக் கிடக்கும். அதை அம்மனுக்கு எடுத்துக்கிட்டுப் போக முடியுமா? எங்க வீட்டுக்காரர் லாரி டியூபுல காத்தடிச்சு, அதுல குப்புறப் படுத்து, கையால துழாவிக்கிட்டே நடு ஏரிக்குப் போவார். நாங்க எல்லாரும் மூட்டை முடிச்சோட கரையில நிப்போம். காலையில வாக்கிங் வர்ற ஃப்ளாட் ஜனங்க, காதுல மாட்டினதைக் கழட்டிட்டு எங்களையே பார்ப்பாங்க. பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது "நானும் வரேன் நைனா"ன்னு ஒரே அழுகை. அவரும் டியூப் மேல உட்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனார். திரும்பி வரும்போது அப்பன் தலையிலயும் ஆகாயத்தாமரை, பிள்ளை தலையிலயும் ஆகாயத்தாமரை. அண்ணன் கரையில நின்னு, "இன்னாடா, ரெண்டு பேரும் மாலை போட்டுக்கினு வரீங்க? ஏரியாண்ட எதுனா எலெக்‌ஷன்ல ஜெயிச்சீங்களா?"ன்னு கேட்டார்.

அப்புறம் ரயில். குடம் ஒவ்வொரு மடியா மாறும். ஆவடி வரைக்கும் என் மடி, அதுக்கப்புறம் பெரியவ மடி, அப்புறம் அக்கா மடி. குடத்து வாயில மஞ்சத்துணி கட்டி வேப்பிலை சொருகியிருந்தாலும் வண்டி ஆடுற ஆட்டத்துல தண்ணி தளும்பி எல்லார் புடவையும் நனையும். "சீட்டுக்குக் கீழ வைங்களேம்மா"ன்னு எதிர்ல இருக்கிறவங்க கேக்காத வருஷமே இல்ல.

ஒரு வருஷம் பயங்கரக் கூட்டம். நாங்க யாருமே உட்காரல. கழுத்துல அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தான். திருவள்ளூர் பக்கம் ஏதோ கம்பெனியில வேலையாம், ஞாயித்துக்கிழமையும் ஷிப்டாம், சொந்த ஊர் தெற்கேன்னு சொன்னான். "எங்க ஊர்ல பால்குடம் இப்படித்தான் எடுப்பாங்கம்மா. குடுங்க, நான் வச்சிருக்கேன்"ன்னு மடியை நீட்டினான். வெளி ஆள் மடியில வைக்கலாமான்னு அக்கா மூஞ்சைச் சுளிச்சாங்க. அண்ணன்தான் தீர்ப்பு சொன்னார்: "தரையத்தான் அம்மன் வாணாம்னு சொல்லிக்கீது. மடிய வாணாம்னு எங்க சொல்லிச்சு? குடும்மே." அந்தப் பையன் பேன்ட் முழுக்க நனைஞ்சு போச்சு. ஆனா திருவள்ளூர் வர்ற வரைக்கும் அசையாம வச்சிருந்தான். இறங்கும்போது துணி மேல தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனான்.

மலைன்னா என் பையனுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு கூத்து. ஒரு தடவை குரங்கு வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. இவன் பயப்படாம பின்னாடியே ஓடி, பாறை மேல ஏறி நின்னு குரங்கோட பேரம் பேசிக்கிட்டிருந்தான். "பாதி துன்னுட்டு பாதி குட்றா"ன்னு. குரங்கு வாழை இலையை மட்டும் திருப்பிப் போட்டது. இன்னொரு வருஷம் காரைப்பழம் பறிக்கிறேன்னு முள்ளுக்குள்ள நுழைஞ்சு சட்டையை அங்கயே விட்டுட்டு வந்தான். அவனோட பெரியப்பா பையன்தான் தன் சட்டையைக் கழட்டி மாட்டிவிட்டான். அது முட்டிக்குக் கீழ தொங்கிச்சு.

ஒரு வருஷம் உச்சியில இருக்கும்போதே மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் அம்மன் பாறைக்கு அடியில ஒண்டினோம். இடம் பத்தல. கால் எல்லாம் வெளியில, தலை எல்லாம் உள்ள. தூரத்துல கொல்லை, சாலை, ரயில் பாதை எல்லாம் வெள்ளையா மறைஞ்சு போச்சு. பையன் அவங்க அப்பாகிட்ட, "நைனா, இந்த மழை நம்ம ஏரிக்கும் வருமா?"ன்னு கேட்டான். "வரும் வரும், நம்ம ரயிலு புடிச்சி வரதுக்குள்ள அது போய்ச் சேந்துடும்"ன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தா எங்க தெரு காஞ்சு கிடந்தது. பையன் ராத்திரி சோறே சாப்பிடல, ஏமாத்திட்டீங்கன்னு. மறுநாள் பெஞ்சதுக்கு அப்புறம்தான் அவங்க அப்பாவோட பேசினான்.

இப்படியே போயிருக்கும். அவனுக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில நெஞ்சுக்குள்ள சின்னதா குழாய் வச்சு அனுப்பினாங்க. உயிர் பிழைச்சது அம்மன் புண்ணியம். ஆனா மேடு ஏறக் கூடாது, பளு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். ஆடி பொறக்க இன்னும் நாள் இருக்கும்போதே அக்கா எங்க வீட்டுக்கு வந்து, சமையலறை வாசப்படியில நின்னு, அலமாரியைப் பார்த்துக்கிட்டே பேசினாங்க.

"இன்னாமே, ஊட்டுக்காரர் ஏற முடியாதாமே இனிமே?"

"ஆமாக்கா."

"அப்ப இந்த வருசம் கொடத்த எம் பையன் எடுத்துக்கினு போறான். ஜிம்முக்கெல்லாம் போறான். நீ ஒண்ணும் கவலப்படாத."

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியல. "எதுக்குக்கா? எம் பையனுக்குக் கை இல்லியா?"ன்னேன்.

அக்கா சிரிச்சாங்க. "கையா அது? முருங்கக்கா!"

"முருங்கக்காதான்கா சாம்பாருக்கு வாசனை. உரலு போட்டா வாசனை வருமா?"

அக்கா போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கட்டில்ல படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தார். "எதுக்குடி வம்பு? ரெண்டும் நம்ம பசங்கதான"ன்னார். அவருக்கு என்ன? வருஷம் முழுக்க அந்தக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சவ நான். ஒரு தடவை எதிர் வீட்டுக்குப் போயிட்டா அது அவங்க வீட்டுலயேதான் நிக்கும். அவங்க பையன் இருபத்தோரு வயசு ஆள். இன்னும் முப்பது வருஷத்துக்கு அவனே ஊத்துவான். என் பையன் பின்னாடி விறகு தூக்கிக்கிட்டு ஏறணுமா? அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தூக்குவியாடா?" அவன் அலமாரியை நிமிர்ந்து பார்த்தான். "ரொம்ப வெயிட்டாம்மா?"ன்னு கேட்டான். "உங்க நைனா தூக்கலியா?"ன்னேன். "சரி"ன்னான்.

தினமும் சாயங்காலம் குடத்தை நிரப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கீழ வைக்காம நடக்கணும். முதல் நாள் பாதி தூரம்கூட வரல, என்கிட்ட குடுத்துட்டான். அப்புறம் பழகிக்கிட்டான். தலையில வச்சு ரெண்டு கையால பிடிக்கிறது, வலிச்சா வலது தோளுக்கு மாத்துறது, அப்புறம் இடது தோளுக்கு. நான் பின்னாடியே நடப்பேன். ஒரு நாள் புது ஃப்ளாட்டுல இருக்கிற பொண்ணு ஒண்ணு, நாயைக் கூட்டிக்கிட்டு வந்தது, எங்களை நிறுத்தி, "என்ன ஆன்ட்டி, உங்க பக்கம் தண்ணி வரலையா? எங்களுக்கு லாரிக்காரர் நம்பர் இருக்கு, தரட்டுமா?"ன்னு பரிதாபமா கேட்டது.

"தண்ணி வருதும்மா. இவன் மலை ஏறப் போறான், அதுக்குப் பழகறான்."

"ஓ, ட்ரெக்கிங்கா! சூப்பர்! ஷூ வாங்கிட்டீங்களா?"

"எங்க அம்மனாண்ட செருப்பு போட்டுக்கினு போவ முடியாதும்மா."

அந்தப் பொண்ணு பையனோட காலைப் பார்த்துச்சு. அவன் வெக்கப்பட்டு குடத்தோட வேகமா முன்னாடி போயிட்டான். அதுவும் நல்லதுதான், அன்னைக்கு இன்னும் சீக்கிரமா கோடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்த ஞாயித்துக்கிழமை வந்தது. டியூபுல பெரியப்பா பையன்தான் படுத்து நடு ஏரிக்குப் போய் மொண்டுக்கிட்டு வந்தான். கரையில என் பையன் வாங்கிக்கிட்டான். ரயில்ல மடி மாறி, பஸ்ல மடி மாறி, மலையடிவாரம் வந்தோம். புளியமரத்தடியில அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் உட்கார வச்சோம். ஒருத்தருக்கு இளைப்பு, ஒருத்தருக்கு நெஞ்சு. எங்க வீட்டுக்காரர் பையன் தலையில துண்டைச் சும்மாடு சுத்தி வச்சார். குடத்தை வச்சு, அது ஆடாம இருக்கான்னு பார்த்தார். "அவசரப்படாத. மூச்சு வாங்கினா நில்லு. நிக்கறது தப்பு இல்ல"ன்னார். அண்ணன், "தரையில மட்டும் வெச்சுடாதடா"ன்னார்.

ஏற ஆரம்பிச்சோம். பெரியப்பா பையன் விறகுக் கட்டையும் தேங்காயும் தூக்கிக்கிட்டு முன்னாடி போயிட்டான். நடுவுல என் பையன். பின்னாடி நான், அக்கா, என் பொண்ணுங்க. முதல் பாதிக்குப் படி இருக்கு. என் பையன் ஏரிக்கரையில நடந்த மாதிரியே நிதானமா ஏறினான். வேர்வை காது வழியா ஒழுகுது, துடைக்கக் கை இல்ல. என் முந்தானையால துடைச்சு விட்டேன். அக்கா பின்னாடி இருந்து, "வலிச்சா சொல்லுடா, உங்க அண்ணனை கூப்டறேன்"னு ரெண்டு தடவை சொன்னாங்க. அவன் அடுத்த படிக்குக் கால் வச்சான். எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு பெருமை. திரும்பி அக்கா மூஞ்சியைப் பார்க்கணும்னு இருந்தது. பார்க்காம ஏறினேன்.

படி முடிஞ்சு ஒத்தையடிப் பாதை. அதுவும் முடிஞ்சா கடைசியில ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. கால் வைக்கக் குழி வெட்டியிருக்கும், பக்கத்துல இரும்புச் சங்கிலி தொங்கும். அதைத் தாண்டினா நாலு எட்டுல அம்மன்.

அந்தப் பாறைக்கு முன்னாடி போய் நின்னதுக்கு அப்புறம்தான் எனக்கே புரிஞ்சது. எங்க வீட்டுக்காரர் நெட்டை ஆள். ஒரு கையால குடத்தைத் தோளோட அணைச்சுக்குவார், இன்னொரு கையால சங்கிலியைப் பிடிச்சு ஏறிடுவார். என் பையனுக்கு அந்த உயரம் இல்ல. அஞ்சு வயசுல இருந்து அவன் அந்தப் பாறையில பல்லி மாதிரி ஏறுவான், ஆனா ரெண்டு கையாலயும் பிடிச்சு. அவன் ஏற மாட்டான்னு யார் நினைச்சா? ஏரிக்கரை ஜனங்க நாங்க. பளுவுக்குப் பழக்கினோம், தூரத்துக்குப் பழக்கினோம். சமமா இருக்கிற கரையில நடக்க விட்டுட்டு, மலைக்குத் தயாராயிட்டான்னு நினைச்சோம்.

அவன் குடத்தைத் தோளுக்கு மாத்தி ஒரு கையால சங்கிலியைப் பிடிச்சான். முதல் குழியில கால் வச்சான். ரெண்டாவதுக்குக் கால் எட்டல. இறங்கிட்டான். மறுபடியும் வச்சான், மறுபடியும் இறங்கினான். தண்ணி தளும்பி முதுகுல வழிஞ்சது. "நான் வச்சிக்கிறேன், நீ ஏறு"ன்னேன். "அப்புறம் நீ எப்பிடிம்மா மேல தருவ?"ன்னு கேட்டான். சரியாத்தான் கேட்டான். புடவையோட நானே ரெண்டு கையால பிடிச்சுத்தான் ஏறணும்.

பாறைக்கு மேல இருந்து அவன் அண்ணன், அந்தப் பெரியப்பா பையன், எட்டிப் பார்த்தான். விறகைப் போட்டுட்டு, சங்கிலியைப் பிடிச்சுப் பாதி தூரம் இறங்கி வந்து, ஒரு கையை நீட்டினான்.

"இன்னாடா முருங்கக்கா, நின்னுகினு கீற? குடுறா."

குடுத்துட்டா அவன் மேல ஏறுவான், நாலு எட்டு வச்சா அம்மன், ஊத்திட்டா முடிஞ்சது. "குடுக்காதடா"ன்னு என் வாய் முந்திக்கிச்சு. என் பெரிய பொண்ணு என் கையைப் பிடிச்சு அழுத்தினா.

பையன் திரும்பிப் பார்க்கல. "அம்மா, கை மரத்துப் போச்சும்மா. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா கீழ வுட்டுருவேன்"ன்னான். சொல்லிக்கிட்டே ரெண்டு கையாலயும் குடத்தைத் தூக்கிக் குடுத்தான். அவன் அண்ணன் வாங்கித் தோள்ல வச்சுக்கிட்டான். ஜிம்முக்குப் போற உடம்பு, சரசரன்னு மேல ஏறிட்டான்.

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தை நான் என்னன்னு சொல்றது? கீழ இருந்தே கத்தினாங்க. "நிக்காதடா! போ, போய் ஊத்துடா! வெயில் ஏறிக்கினே கீது!"

அவன் போகல. பாறை விளிம்புல குடத்தோட நின்னுக்கிட்டே இருந்தான்.

"ஊத்துடான்றேன்ல!"

"இரும்மா. அவன் வரட்டும்."

"அவன் வந்து இன்னா பண்ணப் போறான்?"

"ஏம்மா, தரையில வெக்கக் கூடாதுன்னுதான சொன்ன? நிக்கக் கூடாதுன்னு சொன்னியா? சும்மா இரு. டேய் முருங்கக்கா, ஏறுடா, தோளு வலிக்குது!"

என் பையன் ரெண்டு கையாலயும் சங்கிலியைப் பிடிச்சான். ஏறினதே தெரியல, மேல நின்னான். நாங்க பொம்பளைங்க அடிச்சுப் பிடிச்சு ஏறினோம். நான் முதல்ல ஏறினேனா அக்கா முதல்ல ஏறினாங்களான்னு ஞாபகம் இல்ல. ரெண்டு பேருமே மற்ற நாள்ல அவ்வளவு வேகமா ஏறினது கிடையாது.

நாங்க போய்ப் பார்க்கும்போது அவன் அண்ணன் குடத்தை என் பையன்கிட்ட நீட்டிக்கிட்டிருந்தான். என் பையன் வாங்கிக்கிட்டான். நாலு எட்டு வச்சு அம்மன் முன்னாடி போனான். எனக்கு உயிர் வந்தது. துணியை அவிழ்த்தாச்சு. குடத்தைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நிறுத்திட்டு, "அண்ணாத்தே, ஒரு பக்கம் புடி"ன்னான்.

அவன் வந்து அடியில கை குடுத்தான். ரெண்டு பேருமா ஊத்தினாங்க. "தாயே, ரொப்பிக் குடும்மா"ன்னு ரெண்டு குரலும் ஒண்ணா வந்தது. அம்மன் தலையில இருந்து தண்ணி வழிஞ்சு, பாறையில ஓடி, எங்க கால் எல்லாம் நனைஞ்சது.

கும்பிட்டு முடிச்ச உடனே அக்கா ஆரம்பிச்சாங்க. "அடியில புடிச்சவன் எம் பையன். பாரம் அவன் கைலதான் இருந்திச்சு."

"வாயில புடிச்சவன் எம் பையன்க்கா. தண்ணி வாய் வழியாத்தான வரும்?"

பொங்கல் வச்சு, பானையோட மலை இறங்குற வரைக்கும் இதே பேச்சுதான். பசங்க ரெண்டு பேரும் எங்களை விட்டுட்டு ஓடிப் போயிட்டாங்க, காரைப்பழம் பறிக்க. கீழ புளியமரத்தடியில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எங்க பேச்சைக் கேட்டுட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார், எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் அண்ணன்தான் சொன்னார். "ரெண்டு கை ஊத்திச்சின்னா ரெண்டு ஊடு. ஆடியில இருந்து தை வரைக்கும் ஒரு ஊடு, தையில இருந்து ஆடி வரைக்கும் ஒரு ஊடு. மொத இலையில பாதி பாதி. அவ்ளோதான். சோறு போடுங்க, பசிக்குது."

முதல்ல யார் வீடுன்னு அதுக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஏற்கெனவே என் வீட்டுல இருந்ததால ஆடியில இருந்து எதிர் வீடுன்னு முடிவாச்சு. திரும்பி வர்ற ரயில்ல காலிக் குடம் அக்கா மடியில இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பையனைக் கேட்டேன். "கையில வாங்கிட்ட இல்ல? நீயே ஊத்தியிருக்கலாம்ல? எதுக்குடா அவனைக் கூப்பிட்ட?"

"கை நடுங்கிச்சிம்மா. கொடத்தோட அம்மன் தலையில போட்டிருந்தா?"

ஆனா எனக்குத் தெரியும், அவன் போட்டிருக்க மாட்டான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு ஒருத்தனே ஊத்தியிருப்பான். இதை இன்னைக்கும் அவன்கிட்ட சொல்லுவேன். அவன் "சரிம்மா"ன்னுட்டுப் போயிடுவான்.

இப்ப அவன் அவங்க அப்பாவைவிட உயரம். ஒரு கையால குடத்தை அணைச்சுக்கிட்டு ஏற முடியும். ஆனாலும் அந்தப் பாறைகிட்ட போனதும் நின்னு, மேல பார்த்து, "அண்ணாத்தே"ன்னு குரல் குடுப்பான். அவன் அண்ணன் இப்ப திருமழிசையில வேலை, அங்கயே குடும்பம். எந்த ஆடிக்கும் வராம இருந்தது இல்ல. தொப்பை வந்துடுச்சு, இறங்கி வர முனகுவான், ஆனா இறங்கி வந்து கை நீட்டுவான். இன்னும் முருங்கக்காதான்.

குடம் வீடு மாறுற அன்னைக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே புளி ஊற வச்சுடுவேன். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பின்கட்டுல உட்கார்ந்து, கழுத்து, அடி, விளிம்புன்னு ஒரு இடம் விடாம தேய்ப்பேன். ஆடிக்கு அவங்க வீட்டுக்குப் போற குடத்துல அவங்க மூஞ்சி தெரியணும். தைக்கு அவங்க திருப்பிக் குடுக்கும்போதும் அப்படித்தான் வரும், அதையும் சொல்லணும். இந்தத் தைக்கு அக்கா தெருவைத் தாண்டி எடுத்துக்கிட்டு வந்தாங்க. முட்டி வலி, மெதுவாத்தான் நடந்தாங்க. நான் கை வேலையா இருந்தேன், பாத்திரம் கழுவிக்கிட்டு. "இரு, வரேன்க்கா"ன்னேன். காலிக் குடத்துக்கு அந்தச் சட்டம் எல்லாம் கிடையாது, எங்க வேணும்னாலும் வைக்கலாம். அவங்க வைக்கல. நான் கையைத் துடைச்சுக்கிட்டு வர்ற வரைக்கும் இடுப்புலயே வச்சுக்கிட்டு வாசப்படியில நின்னாங்க. நானும் கீழ வைங்கன்னு சொல்லல.

வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன். கழுத்து மடிப்புல லேசா பச்சை பிடிச்ச மாதிரி இருந்தது.

"இன்னாக்கா, இங்க தேய்க்கலையா?"ன்னு கேட்டேன்.

"அது உங்க ஊட்ல புடிச்ச பச்சமே. போவல"ன்னாங்க.